அடங்கலில் யார் பேர்? கொங்கு நஞ்சையில் நிலச் சட்டங்கள் செய்ததும் விட்டதும்

பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் ஊத்துக்குளி, ஜமீன் முத்தூர் என்று ஊர்கள் உண்டு. கோவைக்கு வடக்கே சர்க்கார் சாமக்குளமும் அக்ரஹார சாமக்குளமும் இருக்கின்றன. ஊர்ப் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சொற்கள், அந்த மண்ணின் வரி ஒரு காலத்தில் யார் வீட்டுக்குப் போனது என்பதற்கான முத்திரை. பாளையக்காரருக்குப் போனதா, கிழக்கிந்தியக் கும்பினிக்கும் பிறகு சர்க்காருக்கும் போனதா, மானியம் பெற்ற பிராமணக் குடும்பங்களுக்குப் போனதா என்பதைப் பேரே சொல்லிவிடும். இந்த ஏற்பாட்டை 1948 முதல் 1980 வரை வந்த சட்டங்கள் கலைத்தன. எந்த வரிசையில் கலைத்தன, யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை நெல் விளைந்த நஞ்சைப் பட்டைகளை வைத்து இங்கே பார்க்கிறோம்.

கொங்கு என்றதும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிக் காடும், கிணற்றுத் தோட்டமும்தான் கண்ணில் வரும். நெல் ஆற்றோரத்தில் மட்டும்தான். பவானியில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கு 24,504 ஏக்கர். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியதாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்காலுக்கு 15,743 ஏக்கர். ஆனைமலையில் பெரியணை, பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, வடக்கலூர் என்று ஐந்து வாய்க்கால்களுக்குச் சுமார் 6,400 ஏக்கர். இவற்றோடு அமராவதிக் கரையில் கொழுமம், குமரலிங்கம், தாராபுரம் ராஜவாய்க்கால்கள். பரப்பு சிறிதுதான். ஆனாலும் கொங்கில் நிலவுடைமை இறுக்கமாக இருந்தது இங்கேதான். இரண்டு போகம் தவறாமல் விளையும் மண்ணை உடையவர் உழ வேண்டியதில்லை, உழவைப்பவராக இருந்தால் போதும்.

களத்தில் நடந்த கணக்கு

பழைய ஏற்பாடு எப்படி ஓடியது என்பதைக் களத்துமேட்டில் நின்றால்தான் பார்க்க முடியும். கதிரடித்துத் தூற்றிப் பொலி குவிந்ததும், அதன்மேல் சாம்பலாலோ சாணிப்பாலாலோ குறி போடுவார்கள். குறி கலைந்தால் ராத்திரி யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். உடையவரோ அவர் ஆளோ வந்து நின்ற பிறகுதான் வள்ளம் எடுத்து அளப்பார்கள். முதல் அளவை ‘ஒன்று’ என்று சொல்வதில்லை, ‘லாபம்’ என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள்.

யாருடைய பங்கும் பிரியும் முன்னே பொதுப் பொலியிலிருந்து கழிவு போகும். அறுப்புக் கூலி, கோயிலுக்கு ஒரு அளவு, பிறகு மடை பார்த்தவர், ஏர் செய்துகொடுத்த ஆசாரி, நாவிதர், வண்ணார், காவல் ஆள் என்று ஊர்த் தொழிலாளிகளுக்குக் ‘களத்துச் சுதந்திரம்’ என்ற வழக்கப் பங்கு. மிச்சம்தான் வாரமாகப் பாதிக்குப் பாதி பிரியும். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டை போய்விடும், எஞ்சியது குடியானவருக்கு. களத்தைக் கூட்டிப் பெருக்கினால் மண்ணோடு வரும் களத்தடி நெல் பண்ணையாளுக்கு.

இந்த வரிசையில் மேலிருந்து கீழே மூன்று படிகள் உண்டு. பட்டாதாரர் அல்லது ஜமீன், அவருக்குக் கீழே வாரக்காரர் அல்லது குத்தகைக்காரர், அவருக்கும் கீழே பண்ணையாள். சட்டங்களும் மேல்படியிலிருந்துதான் இறங்கின. கீழ்ப்படிக்குக் கடைசிவரை முழுதாக இறங்கவே இல்லை.

ஜமீன் ஒழிப்பு: தொட்டது மேல்படியை மட்டும்

1948-ன் 26-ஆம் சட்டமான எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் நடைமுறை இப்படி. அரசு ஒரு தேதியை அறிவிக்கும். அந்தத் தேதியில் எஸ்டேட் முழுவதும் அரசுக்கு வந்துவிடும். பிறகு செட்டில்மென்ட் அதிகாரி புலம் புலமாக விசாரித்து, ரயத்துக்கு, அதாவது ஜமீனுக்கு வரி கட்டி நிலத்தை உரிமையோடு அனுபவித்த குடிக்கு, ரயத்துவாரிப் பட்டா (வரியை நேராக அரசுக்கே கட்டும் பட்டா) கொடுப்பார். ஜமீன்தார் சொந்தப் பண்ணையாக வைத்திருந்த நிலத்துக்கு அவருக்கே பட்டா. வரிவசூல் உரிமை போனதற்கு இழப்பீடு.

இதில் கவனிக்க வேண்டியது ‘ரயத்து’ என்ற சொல். 1908-ன் எஸ்டேட் நிலச் சட்டத்திலேயே ரயத்துக்கு நிலத்தில் நிலையான அனுபோக உரிமை கிடைத்துவிட்டது. 1947-ல் ஜமீன் வாடகையையும் சர்க்கார் தீர்வை (நிலவரி) அளவுக்குக் குறைக்க வழி செய்தார்கள். எனவே 1948 சட்டத்தால் ரயத்து புதிதாக நிலம் பெறவில்லை. பணம் கட்டும் இடம் மாறியது. அந்த ரயத்து தன் வயலை வேறொருவருக்கு வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு விட்டிருந்தால், சேற்றில் நின்றவர் விசாரணைக்கே வர மாட்டார். பட்டா ரயத்துக்குத்தான். ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம், மெட்ராத்தி போன்ற பழைய பாளையங்களின் பகுதியைவிட, கொங்கில் ரயத்துவாரிக் கிராமங்கள்தான் மிக அதிகம். அங்கெல்லாம் இந்தச் சட்டத்துக்கு வேலையே கிடையாது. கோபிசெட்டிபாளையத்து நஞ்சையில் பெரிய பட்டாதாரராக இருந்தவர் 1948-க்குப் பிறகும் அப்படியே இருந்தார்.

எஞ்சிய இனாம்களை, அதாவது மானியமாகக் கொடுத்த நிலங்களை, தொட்டது 1963-ல். மேல்வாரம் (வரி வாங்கும் உரிமை) மட்டும் இனாமாக இருந்தால் உழுத குடிக்குப் பட்டா. மேல்வாரம், குடிவாரம் (உழும் உரிமை) இரண்டும் கோயிலுக்கு என்று எழுதியிருந்தால் பட்டா கோயிலுக்கு. நூறாண்டுக்கு முந்தைய இனாம் பதிவேட்டில் ஒரு வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் நிலம் நின்றது.

குத்தகைச் சட்டமும் அது தவறிய இடமும்

இரண்டாம் படிக்கு வந்தவை இரண்டு சட்டங்கள். 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தியது. தானோ தன் குடும்பமோ உடலுழைப்புத் தருபவர்தான் சாகுபடிக் குத்தகைதாரர். குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குதல், விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துதல், உடையவரின் உரிமையையே மறுத்தல் ஆகிய காரணங்களுக்காக மட்டும், அதுவும் வருவாய்க் கோட்ட அதிகாரி உத்தரவின் பேரில்தான் வெளியேற்ற முடியும். சொந்தச் சாகுபடிக்கு வேண்டும் என்று சிறிய உடையவர் கேட்டால் குத்தகை நிலத்தில் பாதிவரை திரும்பப் பெறலாம். உடையவர் நெல்லை வாங்க மறுத்து ‘பாக்கி’ என்று காட்டப் பார்த்தால், குத்தகைதாரர் அதன் மதிப்பைக் கோர்ட்டில் கட்டிவிடலாம். இந்தக் கடைசி வழியைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் நிலத்தில் நிலைத்தார்கள். தெரியாதவர்கள் ‘பண்ணாடி (நிலவுடையவர்) அப்புறம் வாங்கிக்கறேன்னாரு’ என்று நம்பி இரண்டு போகம் விட்டுவிட்டுப் பாக்கிதாரர் ஆனார்கள். ரசீது கொடுக்கும் வழக்கமே கிடையாதபோது, கொடுத்த நெல்லுக்கும் சாட்சி இருக்காது.

1956-ன் நியாயக் குத்தகைச் சட்டம் அளவை நிர்ணயித்தது. நஞ்சையில் சாதாரண மொத்த விளைச்சலில் 40 சதவீதம், தண்ணீர் இறைத்துச் சேர்க்க வேண்டிய நிலத்துக்கு 35, மற்றவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. சாகுபடிச் செலவு குத்தகைதாரர் தலையில், நிலவரி உடையவர் தலையில்.

பாதி வாரம் 40 ஆகக் குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் பள்ளம் தெரியும். ஒரு ஏக்கரில் 20 மூட்டை விளைகிறது, விதை, எரு, உழவு, நடவு எல்லாம் சேர்ந்த செலவு 8 மூட்டை மதிப்பு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். செலவையும் பாதியாகப் பகிரும் வாரத்தில் குடியானவருக்கு 10 மூட்டை வரும். அதில் அவர் பங்குச் செலவு 4 போக 6 மிஞ்சும். சட்டப்படி 40 சதவீதம் என்றால் 8 மூட்டை உடையவருக்கு, 12 குடியானவருக்கு. ஆனால் 8 மூட்டைச் செலவும் அவருடையது. மிஞ்சுவது 4. அதாவது செலவைப் பகிர்ந்துகொண்ட உடையவரிடம் வாரத்துக்கு இருந்தவர், நியாயக் குத்தகை கேட்டு மனுப் போட்டால் 2 மூட்டை நஷ்டப்படுவார். மனுப் போட வராதவர்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று எழுதிய அதிகாரிகள் உண்டு. அவர்களில் பலர் கணக்குத் தெரிந்தவர்கள் என்பதே எங்கள் எண்ணம். செலவில் ஒரு பைசா தராமல் பாதியை அள்ளிய உடையவரிடம் இருந்தவருக்கோ நிலைமை வேறு: 10-ல் 8 போக 2 மிஞ்சிய இடத்தில் 4 மிஞ்சும். அவருக்குச் சட்டம் இரட்டிப்பு லாபம். ஒரே சட்டம், ஒரே வாய்க்கால், இரண்டு வயலுக்கு இரண்டு பலன்.

பிற்பாடு உடையவர் பங்கை 25 சதவீதமாகக் குறைத்தபோதுதான் (மேலே போட்ட கணக்கில் 5 மூட்டை) எந்த ஏற்பாட்டைவிடவும் சட்டம் குடியானவருக்குச் சாதகமானது. ஆனால் அதற்குள் எழுத்தில் இருந்த குத்தகைகள் அருகிவிட்டன. உடையவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே ஆளிடம் வயலைத் தொடர்ந்து விடாமல் போகத்துக்கு ஒருவராக மாற்றினார்கள். குத்தகைச் சீட்டுக்குப் பதில் போக்கியப் பத்திரம் எழுதினார்கள். போக்கியக்காரர் கடன் கொடுத்தவர், குத்தகைதாரர் அல்ல. இன்னும் சிலர் நெல்லை விட்டுக் கரும்பு, மஞ்சள், வாழை, தென்னை என்று மாறி, ஆள் வைத்துச் சொந்தப் பண்ணையம் செய்தார்கள். காலிங்கராயன் பாசனத்தில் மஞ்சள் பரவியதற்கு ஈரோட்டுச் சந்தைதான் முதல் காரணம். வாரத்துக்கு விடப் பயந்ததும் அதற்குத் துணை நின்றது. உறுதியாகப் பிடித்துக்கொண்ட குத்தகைதாரரிடம் மட்டும் வழக்குக்கு வெளியே பேச்சு நடந்தது: நிலத்தில் ஒரு பாகத்தை அவர் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மீதியை மீட்டுக்கொள்வது. கோர்ட் வழங்கிய உத்தரவுகளைவிட, அவற்றுக்குப் பயந்து நடந்த இந்தச் சமரசங்களில்தான் கூடுதல் நிலம் கை மாறியது என்று நினைக்கிறோம்.

கணக்குப்பிள்ளையின் ஒரு வரி

ஒவ்வொரு பசலியிலும் (வருவாய் ஆண்டு) கிராமக் கணக்கர் அடங்கல் எழுதுவார். புல எண், பரப்பு, பட்டாதாரர், பயிர், சாகுபடி செய்பவர். இந்தக் கடைசிப் பத்தியில் குத்தகைக்காரர் பேர் ஏறினால் அவருக்குச் சான்று. ‘சொந்த சாகுபடி’ என்று எழுதிவிட்டால் அவர் வெறும் கூலி. எழுதியவர் யார்? பரம்பரைக் கர்ணமும் (கணக்கர்) பரம்பரை மணியக்காரரும். இரண்டு பேருக்குமே ஊரில் நிலம் இருக்கும், பெரிய பண்ணாடிகள் உறவுக்காரராகவோ கூட்டாளியாகவோ இருப்பார்கள்.

1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் (10/1969) வந்தது இதை நேராக்கத்தான். குத்தகைதாரர் மனுக் கொடுத்தால் பதிவு அதிகாரி இரு தரப்பையும் விசாரித்துப் பதிவேட்டில் ஏற்றுவார். பதிவானால் அது வலுவான ஆவணம். ஆனால் விசாரணையில் முதலில் கேட்பது அடங்கல் நகல். சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் நிலம் பிரித்தபோது, ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் கொண்ட நிலக் குழு அமைத்தார்கள்: ஐந்து குத்தகைதாரர், மூன்று நிலவுடைமையாளர், இரண்டு சொந்த உழவர். எந்த வயலை யார் உழுகிறார் என்பதை ஊரே அறியும். அந்த அறிவை எழுத்தாக்கும் கை யாருடையது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிந்தது 1980 நவம்பரில். குத்தகைச் சட்டம் வந்து 25 ஆண்டுகள் கழித்து. எங்களைக் கேட்டால், நிலச் சீர்திருத்தத்தின் முதல் சட்டமாக வந்திருக்க வேண்டியது கடைசியாக வந்தது.

உச்சவரம்பு ஏன் கொங்கில் ஒட்டவில்லை

1961-ன் 58-ஆம் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. ஏக்கருக்கு 10 முதல் 15 ரூபாய் தீர்வை உள்ள நஞ்சை ஒரு ஏக்கர்தான் ஒரு தர ஏக்கர். புஞ்சை என்றால் பல ஏக்கர் சேர்ந்தால்தான் ஒன்றாகும். ஐந்து பேருக்கு மேல் ஆளுக்கு 5 தர ஏக்கர் கூடுதல். பெண்கள் பேரில் சீதனமாக இருந்தால் 10 தர ஏக்கர்வரை தனி. வயது வந்த மகன் தனிக் கணக்கு.

ஒரு குடும்பத்துக்கு அந்தத் தரத்தில் 48 ஏக்கர் நஞ்சை என்று வையுங்கள். கணவன், மனைவி, மூன்று சிறு பிள்ளைகள். 30 போக, மனைவி பேரில் 10 சீதனம் போக, உபரி 8. பிள்ளைகள் ஐந்து என்றால் 40 தர ஏக்கர் வைத்துக்கொள்ளலாம், சீதனத்தோடு 50. உபரி ஒன்றும் இல்லை. மூத்த மகன் மேஜர் ஆகி முன்பே பாகம் பிரித்திருந்தால் பேச்சே வேண்டாம்.

சட்டம் 6.4.1960-ஐ அடிப்படை நாளாக வைத்தது. அதற்குப் பின் உச்சவரம்பைத் தவிர்ப்பதற்காகச் செய்த மாற்றங்கள் செல்லாது. ஆனால் நில உச்சவரம்பு வரப்போகிறது என்பது அதற்கு முன்பே ஊரறிந்த செய்தி. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அந்த ஜூனில் 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூலம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து உயிர் கொடுத்தார்கள். 15.2.1970 முதல் வரம்பு 15 தர ஏக்கர் ஆனது. அதற்குள் பெரிய பட்டாக்கள் காகிதத்தில் சிறிய பட்டாக்களாகிவிட்டன. ஒரு விளைவு மட்டும் உண்மை: தவிர்ப்பதற்காக எழுதிய பாகம் ஒரு தலைமுறை கழித்து நிஜப் பாகமாகிவிட்டது. தம்பி பேருக்குச் சும்மா எழுதிய பத்து ஏக்கரைத் தம்பி மகன் திருப்பிக் கொடுக்கவில்லை.

தைவானை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 1949-ல் குத்தகையை 37.5 சதவீதத்துக்குள் அடக்கி, குத்தகைச் சீட்டை எழுத்தில் ஆக்கினார்கள். அதன் பிறகுதான், 1953-ல், குத்தகைக்கு விட்ட நடுத்தர நெல்வயலில் 3 சியாவுக்கு, ஏறக்குறைய 7 ஏக்கருக்கு மேற்பட்டதை எடுத்து உழுதவருக்கு விற்றார்கள். விலை ஆண்டு விளைச்சலில் இரண்டரை மடங்கு, பத்து ஆண்டில் 20 தவணை. உடையவருக்கு 70 சதவீதம் விளைபொருளில் மதிப்பிட்ட பத்திரம், 30 சதவீதம் அரசு நிறுவனங்களின் பங்கு. எழுத்து முதலில், வரம்பு பிறகு என்ற அந்த வரிசை இங்கே தலைகீழாக நடந்தது. வரம்புச் சட்டம் 1961, குத்தகைப் பதிவு 1969.

தண்ணீருக்கு வரம்பு இல்லை

1955-ல் பவானிசாகர் முடிந்து, 200 கிலோமீட்டர் நீளக் கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் வந்தது. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 முதல் நெல்லுக்கு, மறு பாதிக்கு அது முடிந்த பின் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கு. அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வது. 1,03,500 ஏக்கர் வீதம் இரண்டு சுற்று. இதனால் ஒரு வயலுக்கு நெல்லுக்கான தண்ணீர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். இப்படி மெலிதாகப் பரப்பிய தண்ணீரில் உட்கார்ந்து வாரம் வாங்கிச் சாப்பிடும் மிராசு உருவாக இடமில்லை. ஏற்கெனவே சொந்தக் காட்டில் கிணறு வெட்டி மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த நடுத்தரக் குடியானவர்களே நெல் விளைவிப்பவர்கள் ஆனார்கள். எந்த நிலச் சட்டமும் செய்யாத பரவலை இந்த மதகு எண் செய்தது.

ஆனால் கொடிவேரி, காலிங்கராயன் இரண்டும் சேர்ந்த பழைய ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40,247 ஏக்கருக்கு அணைத் தண்ணீரில் முன்னுரிமை அப்படியே நின்றது. தடப்பள்ளியில் 15 ஏக்கர் வைத்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு நெல். கீழ்பவானியில் 15 ஏக்கர் வைத்தவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு நெல். தர ஏக்கர் என்பது தீர்வையைப் பார்த்துப் போட்ட அளவு, மதகு எத்தனை மாதம் திறந்திருக்கும் என்று அது கேட்பதில்லை. புதிய ஆயக்கட்டுக்கும் பழைய ஆயக்கட்டுக்கும் இன்றுவரை தீராத சண்டையின் வேர் இதுதான்.

மூன்றாம் படி

பண்ணையாளுக்கு என்று தனிச் சட்டம் 1952-ல் வந்தது, தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும். கொங்கில் பண்ணையாளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். ஆண்டுக் கணக்கில் பேச்சு, முன்பணம், மாதப்படியாகத் தானியம், முன்பணம் தீராவிட்டால் அடுத்த ஆண்டும் அதே பண்ணையம். உடலுழைப்பு முழுவதும் இவர்களுடையது. என்றாலும் குத்தகைப் பேச்சு இல்லை என்பதால் 1955 சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. சொந்தச் சாகுபடி என்று காட்ட நினைத்த உடையவர், குத்தகைதாரரை அனுப்பிவிட்டுப் பண்ணையாளை வைத்தார். இரண்டாம் படியைக் காக்க வந்த சட்டம் மூன்றாம் படியைப் பெருக்கியது.

இவர்களுக்கு உதவியவை மூன்று. குடியிருந்த மனையைச் சொந்தமாக்கிய 1971 குடியிருப்புச் சட்டம்; ‘வீட்டைக் காலி பண்ணு’ என்ற மிரட்டல் அதோடு ஓரளவு போனது. முன்பணக் கட்டைச் செல்லாததாக்கிய 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். மூன்றாவது சட்டமே அல்ல, திருப்பூர் பனியன் கம்பெனியும் பல்லடம், சோமனூர் விசைத்தறியும். வாரச் சம்பளம் பணமாகக் கிடைத்ததும் மகன் பண்ணையத்துக்குப் போக மறுத்தான். கவலை ஏற்றத்தை மின்மோட்டார் விரட்டியிருந்ததால் உடையவருக்கும் ஆண்டு முழுக்க ஆள் கட்டி வைக்கத் தேவை குறைந்தது. நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் நாள் கூலி என்று ஆனது.

இன்று கோபி வட்டாரத்தில் நெல் வயலைக் குத்தகைக்குப் பேசுபவர்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே பேசுகிறார்கள், ரொக்கத்துக்கு, ஒரு போகத்துக்கோ ஒரு வருசத்துக்கோ. கூட்டுறவுப் பயிர்க் கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். பி.எம். கிசான் வழியாக ஆண்டுக்கு வரும் 6,000 ரூபாய் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் போகிறது. 1969 சட்டப்படி பதிவுக்கு மனுக் கொடுக்க வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. கொடுத்தால் அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்காது என்பது கேட்பவருக்கும் தெரியும், விடுபவருக்கும் தெரியும்.